மேற்குச் சுவரோரப் பூப்பாத்தி: கோடையைத் தாண்டியவை, தாண்டாதவை

திருச்சியில் எங்கள் வீட்டின் மேற்குச் சுவரை ஒட்டி ஒரு பூப்பாத்தி இருக்கிறது. இரண்டடி அகலம், இருபதடிக்குச் சற்றுக் கூடுதல் நீளம். மதியத்துக்கு மேல் வெயில் நேராக விழும். பொழுது சாய்ந்த பிறகும் சுவர் அனல் அடிக்கும். போர் தண்ணீர் வேறு உப்பு. இந்த இடத்தில் எது பிழைக்கிறது என்பதை விட, எது பிழைத்துப் பூக்கவும் செய்கிறது என்று பல கோடைகளாகப் பார்த்து வருகிறேன். இப்போது கத்திரி முடிந்துவிட்டது, கணக்குப் பார்க்கச் சரியான நேரம்.

முதல் இடம் சந்தேகமில்லாமல் நித்தியகல்யாணிக்குத்தான். மே மாதத்தில் மற்ற செடிகளெல்லாம் துவண்டு கிடக்கும்போது இது ஒன்றுதான் காலையில் புதுப் பூவோடு நிற்கும். சுடுகாட்டு மல்லி என்று சொல்லி வீட்டில் வைக்கப் பெரியவர்கள் தயங்குவார்கள். ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் வின்கிரிஸ்டின் மருந்து இந்தச் செடியிலிருந்துதான் கிடைத்தது என்று சொன்ன பிறகு எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. நர்சரியில் கிடைக்கும் குட்டை ஹைப்ரிட் ரகம் பார்க்க அழகு; ஆனால் நீடித்து நிற்பது நாட்டு ரகம்தான். விதை தானே கொட்டி, சிமெண்ட் விரிசலில்கூட முளைக்கிறது. அதன் எதிரி வெயில் இல்லை, தண்ணீர். தினமும் ஊற்றினால் தண்டின் அடி கறுத்து, நன்றாக இருந்த செடி திடீரென்று சாய்ந்துவிடும். ஐப்பசி மழையிலும் இதே கதைதான்.

முன்வரிசைக்கு டேபிள் ரோஸ். வெயில் ஏற ஏற விரியும், பிற்பகலில் மூடிக்கொள்ளும். ஒரு விரல் நீளக் கிளையை ஒடித்து மண்ணில் செருகினால் போதும். காலையில் அலுவலகம் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவர்கள் இதை வைத்துப் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பூவைப் பார்ப்பார்கள்.

வாடாமல்லி, கோழிக்கொண்டை இரண்டும் நல்ல உழைப்பாளிகள், செலவும் இல்லை. துலுக்கச் சாமந்தி அப்படியில்லை. ஏப்ரல் தாண்டினால் பூ சிறுத்துவிடுகிறது, இலையின் அடியில் செஞ்சிலந்தி வந்துவிடுகிறது. செவ்வந்தியோ பகல் பொழுது குறையும்போது மொட்டு வைக்கிற செடி. "தை மாசம் பூவோட வாங்கினேன், இப்ப வெறும் இலையா நிக்குது" என்று எதிர்வீட்டு அக்கா வருத்தப்பட்டார். உரம் போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை அக்கா, பகல் குறையும் வரை காத்திருங்கள் என்றேன். குளிர்காலத்தில் நர்சரியில் தளதளவென்று நிற்கும் பெட்டூனியாவும் டேலியாவும் இந்தச் சுவரோரத்தில் பங்குனியைப் பார்ப்பதில்லை. அவற்றுக்குக் கொடுக்கும் காசுக்கு நல்ல மண்புழு உரம் வாங்கலாம்.

இட்லிப்பூவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எல்லோரும் சுவரோரம் வைக்கும் செடி இது, எல்லோரும் புலம்புவதும் இதைப் பற்றித்தான். கொழுந்து இலையை உற்றுப் பாருங்கள். நரம்பெல்லாம் பச்சை, நடுவில் மட்டும் வெளிர் மஞ்சள் என்று இருந்தால் அது வெயில் செய்த வேலை இல்லை, இரும்புச்சத்துக் குறை. இட்லிப்பூவுக்குப் புளிப்பான மண் பிடிக்கும். சுவரோர மண்ணில் பூச்சு வேலையின் சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்து காரத்தன்மை ஏறியிருக்கும், உப்புத் தண்ணீரும் அதோடு சேர்ந்துகொள்ளும். மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளித்தால் அடுத்த துளிர் பச்சையாக வருகிறது. ஆனால் அது தற்காலிகம்தான், மறுபடியும் தெளிக்க வேண்டியிருக்கும். சுவரிலிருந்து ஓரடி தள்ளி, குழியில் நிறைய மட்கு போட்டு வைத்த செடிக்கு இந்தத் தொல்லை குறைவு.

செம்பருத்தி பூப்பதில் குறை வைப்பதில்லை, மாவுப்பூச்சியிலும் குறை வைப்பதில்லை. தண்டில் எறும்பு வரிசை தெரிந்தால் மேலே மாவுப்பூச்சி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அதன் இனிப்புக் கழிவுக்காக எறும்பு காவல் காக்கும். மருந்துக்கு முன்னால் ஹோஸ் பைப்பை விரலால் அழுத்திப் பிடித்து வேகமாகத் தண்ணீர் அடித்துக் கழுவுவேன். பாதி அதிலேயே போய்விடும். மிச்சத்துக்கு வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும்.

குண்டுமல்லி கோடையின் ராணி என்பதில் மாற்றுக் கருத்து இல்லை, ஆனால் கார்த்திகையில் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்யாவிட்டால் சித்திரையில் கை நிறையப் பூ கிடைக்காது. கனகாம்பரத்தை இந்த வெயிலில் வைப்பது பாவம். அதைக் கிழக்குப் பக்கம், அரை நிழலுக்கு மாற்றிவிட்டேன். காய்ந்த கதிரில் தண்ணீர் பட்டதும் காய்கள் டப் டப் என்று வெடித்து விதை தெறிக்கும். குழந்தைகளுக்கு அதுதான் லீவு விளையாட்டு. டெல்லி கனகாம்பரத்தில் அந்த வேடிக்கை கிடையாது, விதையே பிடிக்காது, கிளை வெட்டித்தான் வளர்க்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் நான் பார்க்கும் அளவுகோல் ஒன்றுதான். மாலை நான்கு மணிக்கு இலை தொங்கினால் கண்டுகொள்வதில்லை. காலை ஆறு மணிக்கும் தொங்கினால்தான் குழாயைத் திறப்பேன். ஊற்றும்போது மேலாக நனைக்காமல் வேர் வரை இறங்கும்படி விடுவேன். சொட்டுநீர்க் குழாய் வசதிதான், எங்கள் உப்புத் தண்ணீருக்கு அதன் துளைகள் அடைத்துக்கொண்டே இருக்கின்றன. ஊசியால் குத்தும் பொறுமை இருந்தால் போடுங்கள். மண் காயாமல் மேலே பரப்பும் மூடாக்குக்குக் காய்ந்த இலை, தென்னை மட்டைத் துண்டு இரண்டும் நன்றாக வேலை செய்கின்றன. கரையான் வருமென்பதால் சுவரை ஒட்டிப் போடுவதில்லை.

பாத்தியின் கடைசியில் அரளி நிற்கிறது. தண்ணீர் கேட்பதில்லை, பூஜைக்குப் பூ தருகிறது, வெயில் கூடக்கூட இன்னும் செழிக்கிறது. மதிப்பெண் மட்டும் போட்டால் நித்தியகல்யாணிக்குப் பக்கத்தில் வைக்கலாம். ஆனால் இலை, பூ, பால் எல்லாமே விஷம். தங்கை மகன் நடக்க ஆரம்பித்துவிட்டான், கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைக்கிற வயது. ஆடியில் அதை எடுத்துவிட்டு நந்தியாவட்டை வைக்கப் போகிறேன். அம்மாவுக்கு இன்னும் மனசில்லை.