‘64-க்கு முந்தினது’ என்று என் தலையில் கட்டிய வின்செஸ்டர் 94

பழைய லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள் (அடியிலுள்ள கைப்பிடியை இறக்கி ஏற்றித் தோட்டா மாற்றும் துப்பாக்கி) ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கும் அமெரிக்கத் தமிழர் யாராவது இருந்தால், இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். 1,150 டாலரை எண்ணிக் கொடுத்து ஏமாந்தவன் எழுதுகிறேன். விற்றவர் பெயரையோ ஊரையோ போடப்போவதில்லை. ஏன் என்பது படித்தால் புரியும்.

நான் இருப்பது பென்சில்வேனியாவில். இங்கே நவம்பர் கடைசியில் மான் வேட்டை சீசன் தொடங்கினால் பாதி ஊர் ஆரஞ்சுச் சட்டையில் திரியும். பக்கத்து வீட்டுப் பெரியவர் இரண்டு வருடம் என்னையும் கூடவே காட்டுக்கு அழைத்துப் போனார். அவரிடம் இருப்பது அப்பா காலத்து மார்லின் 336. அதைக் கையில் வாங்கி ஒருமுறை லீவரை இறக்கி ஏற்றியதுமே ஆசை பிடித்துவிட்டது. ஆனால் எனக்கு வேண்டியிருந்தது வின்செஸ்டர் 94. ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1894-ல் வந்தது. 70 லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். இந்த நாட்டில் ‘மான் துப்பாக்கி’ என்றாலே பலருக்கு அதுவும் அதன் 30-30 தோட்டாவும்தான் நினைவுக்கு வரும்.

வாங்கும் முன் கொஞ்சம் படித்தேன். கொஞ்சம்தான். எல்லோரும் சொல்வது ஒன்றே: 1964-க்கு முந்தினதை வாங்கு. அந்த வருடம் கம்பெனி செலவைக் குறைக்க உள்ளே பல பாகங்களை மாற்றியது. அதனால் ‘ப்ரீ-64’ என்ற சொல்லே ஒரு விலைப்பட்டியல் மாதிரி ஆகிவிட்டது. நான் மனப்பாடம் செய்துகொண்டது அந்தச் சொல்லை மட்டும்தான். எதைப் பார்த்தால் முந்தினது, எதைப் பார்த்தால் பிந்தினது என்று தெரிந்துகொள்ளாமல் கிளம்பிவிட்டேன்.

கன் ஷோ ஒன்றில், அதாவது மேஜை போட்டுத் துப்பாக்கி விற்கும் சந்தையில், ஓரத்து மேஜையில் அது கிடந்தது. நூலில் கட்டிய சின்ன அட்டை. அதில் பேனாவில் ‘வின்செஸ்டர் 94, ப்ரீ-64, 30-30, அருமையான நிலை’. மேஜைக்காரர் தங்கமான மனிதர் போலப் பேசினார். ஒரு விதவையின் வீட்டிலிருந்து வந்ததாம். கணவர் ஐம்பதுகளில் வாங்கி, வருடத்துக்கு ஒரு மான் மட்டும் சுட்டு, எண்ணெய் போட்டு வைத்திருந்தாராம். ரிசீவர், அதாவது நடுவிலுள்ள இரும்புப் பெட்டிப் பகுதி, கரும்பலகை மாதிரி ஒரே சீரான கருப்பு. மரக்கட்டையில் மட்டும் அங்கங்கே அடிபட்ட தடம்.

இங்கேயே எனக்குச் சுரீர் என்றிருக்க வேண்டும். இந்தத் துப்பாக்கியைத் தூக்கி நடப்பவர்கள் பிடிப்பது சரியாக அந்த ரிசீவரின் அடியில்தான். எடை சமமாக நிற்கும் இடம் அது. மரம் அடிபடும் அளவுக்குக் காட்டில் திரிந்த துப்பாக்கியில், கை படும் இடம் மட்டும் புத்தம் புதிதாக எப்படி இருக்கும்? பெரியவருடைய மார்லினில் அந்த இடம் தேய்ந்து பழைய ஐந்து பைசா மாதிரி வெளுத்திருக்கும். அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பார்த்தும் உறைக்கவில்லை.

இன்னொன்று. கன் ஷோவில் எல்லாத் துப்பாக்கிக்கும் ஆக்‌ஷன், அதாவது தோட்டா ஏறி இறங்கும் பொறி, வழியாக ஒரு பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கியிருப்பார்கள். பாதுகாப்புக்காக வைத்த விதி, நியாயமானதும்கூட. ஆனால் டை இருந்தால் லீவரை முழுதாக இறக்க முடியாது. இறக்காவிட்டால் உள்ளே இருப்பது தெரியாது. ‘வாங்குவதாக இருக்கிறேன், ஊழியரைக் கூப்பிட்டு டையை வெட்டிக் காட்டுங்கள்’ என்று கேட்கலாமாம். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், கூச்சம். சுற்றிலும் தாடிக்காரப் பெரியவர்கள், நடுவில் நான் ஒருத்தன். ‘இவனுக்கு ஒன்றும் தெரியவில்லை’ என்று நினைத்துவிடுவார்களே என்று பயந்தே ஒன்றும் தெரியாதவனாக வாங்கிக்கொண்டு வந்தேன்.

துப்பாக்கி வாங்குபவர் நிரப்ப வேண்டிய மத்திய அரசின் 4473 படிவத்தை நிரப்பினேன். நான் கிரீன் கார்டுக்காரன், அதனால் அந்த எண்ணையும் எழுத வேண்டும். (எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் கவனம்: வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகளைத் தவிர, மத்திய சட்டம் உங்களைத் துப்பாக்கி வைத்திருக்கவே விடாது. முதலில் அதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.) மாநிலப் போலீசின் சோதனை சில நிமிடத்தில் முடிந்தது. இதில் கொடுமை என்னவென்றால், அதே படிவத்தில் துப்பாக்கியின் சீரியல் எண்ணை மேஜைக்காரர் என் கண் முன்னாலேயே எழுதினார். ஏழு இலக்கம், தொடக்கம் 29. பார்த்தேன். ரசீதில் ‘வின்செஸ்டர் 94, பழையது, உள்ளது உள்ளபடி’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். பணம் ரொக்கமாகக் கொடுத்தேன். அட்டையை அவர் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ‘ப்ரீ-64’ என்ற எழுத்து அந்த அட்டையில் மட்டும்தான் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அடித்தளத்தில் உட்கார்ந்து சுத்தம் செய்தேன். பழைய பனியன் துணியில் சால்வென்ட் நனைத்து ரிசீவரைத் துடைத்தபோது துணி கருப்பானது. சரி, பழைய அழுக்கு என்று நினைத்தேன். இரண்டாவது துணியும் கருப்பு. மூன்றாவதைத் திருப்பிப் பார்த்தால் அழுக்கில்லை, செதில் செதிலாகப் பெயிண்ட். நான் தேய்த்த இடத்தில், லீவருக்கு மேலே, கட்டைவிரல் அளவுக்குச் சாம்பல் வெள்ளி நிறத்தில் பல்லிளித்தது.

என் மனைவி மாடிப்படியில் நின்று பார்த்துவிட்டு, ‘ஏங்க, ஒரு கிராம் மூக்குத்தி வாங்க நாலு கடை ஏறி இறங்குவீங்க, இதை உரசிக்கூடப் பார்க்கலையா?’ என்றாள். பதில் சொல்லவில்லை.

பெரியவருக்குத் தெரிந்த துப்பாக்கி ரிப்பேர்காரர் ஒருவரிடம் எடுத்துப் போனேன். அவர் பெயிண்டைப் பார்க்கவே இல்லை. முன்பக்கம் அடியில் இருந்த சீரியல் எண்ணைப் படித்தார். ‘27 லட்சத்தைத் தாண்டினால் 64 அல்லது அதற்குப் பிந்தினது. இது 29 லட்சத்துச் சொச்சம். அறுபதுகளின் நடுவில் செய்தது’ என்றார். பத்து வினாடிகூட ஆகவில்லை. படிவத்தில் அந்த எண்ணைப் பார்த்தபடி நான் நின்ற நேரம் அதைவிட அதிகம்.

அப்புறம் லீவரை இறக்கி உள்ளே டார்ச் அடித்துக் காட்டினார். குழலுக்கு அடியிலுள்ள தோட்டாக் குழாயிலிருந்து வரும் தோட்டாவை மேலே தூக்கிக் கொடுக்கும் லிஃப்டர் என்ற பாகம், பழையதில் முழு எஃகுத் துண்டாக இருக்கும். என்னுடையதில் தகட்டை அழுத்தி மடித்துச் செய்தது. விரலால் தட்டினார், டின் மூடி மாதிரிச் சத்தம். பிறகு பக்கவாட்டில் இருந்த பின்களைக் காட்டினார். திடமான பின்னும் திருகும் இருக்க வேண்டிய இடத்தில், நடுவே ஓட்டையுள்ள ரோல் பின்கள். டை போட்டிருந்தாலும் வெளியிலிருந்தே தெரியக்கூடியது இது. அந்த ஓட்டைகளை மேஜையிலேயே பார்த்தேன். எண்ணெய் விடுவதற்காக இருக்கும் என்று எனக்கு நானே விளக்கமும் சொல்லிக்கொண்டேன்!

பெயிண்ட் ஏன் என்றும் அவர்தான் சொன்னார். 64-க்குப் பிறகு பல வருடம் ரிசீவருக்குப் போட்ட உலோகக் கலவை வேறு. இரும்பைக் கருப்பாக்கும் ரசாயனப் பூச்சான சாதாரண ப்ளூயிங் அதில் பிடிக்காது. கம்பெனியே மேலே இரும்பு முலாம் போட்டுத்தான் கருப்பாக்கியது. அந்த முலாம் உரிந்துவிட்டால், மறுபடி ப்ளூயிங் தொட்டியில் முக்கினாலும் நிறம் ஒழுங்காக ஏறாது. ஆகவே உரிந்த துப்பாக்கியை விற்க நினைப்பவர்கள் சிலர் பெயிண்டை அடித்துச் சூடுகாட்டி எடுத்துவிடுகிறார்கள். கரும்பலகை மாதிரி கருப்பு என்று நான் மயங்கிய அழகின் கதை அது.

குழலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அது வேறு வகைத் தொல்லை. இந்த மாதிரி ரைஃபிளைக் கழற்றாமல் பின்பக்கமிருந்து துடைக்க முடியாது. எனவே அறுபது வருடமாக எல்லோரும் வாய்ப்பக்கமிருந்தே கம்பியை விட்டுத் தேய்ப்பார்கள். வாயின் விளிம்பில், தோட்டாவைச் சுழலவிடும் வரிப்பள்ளம் தேய்ந்து போயிருந்தால் குறி தப்பும். என்னுடையதில் ஒரு பக்கம் லேசாகத் தேய்ந்திருக்கிறது. ஐம்பது கெஜத்தில் மானுக்குப் போதும், அதற்கு மேல் ஆசைப்படாதே என்றார். ஸ்கோப் மாட்ட யாரும் துளை போடவில்லை. என் அதிர்ஷ்டத்துக்கு அது ஒன்றுதான் மிச்சம்.

அவர் மதிப்பு: பெயிண்ட் அடித்த பிந்தைய 94, ஏறக்குறைய 500 டாலர்.

மேஜைக்காரருக்குப் போன் செய்தேன். குரலில் அதே தேன். ‘ரசீதில் நான் எழுதியதைப் படித்தீர்களா?’ என்று கேட்டார். படித்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. அட்டையைப் பற்றிக் கேட்டால், எந்த அட்டை என்றார். பெரிய மனது வைத்து, வேறு ஏதாவது வாங்கினால் இதற்கு 400 கழிக்கிறேன் என்றும் சொன்னார். அட்டையைப் போட்டோ எடுத்திருந்தால், பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் ஏதாவது செய்திருக்கலாம். கையில் அத்தாட்சி இல்லாமல் ஒருவர் பெயரை இங்கே இழுப்பது சரியில்லை.

அதற்குப் பிறகு ஒரு கன் ஷோவுக்குச் சும்மா பார்க்கப் போனேன். வேறொரு மேஜையில் இன்னொரு 94. ‘1894-ல் செய்தது, ஆன்டிக், படிவமே வேண்டாம்’ என்று ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். 1898 வரை செய்தவற்றை மத்திய சட்டம் ஆன்டிக் என்று தனியாக வைக்கிறது, அது உண்மை. ஆனால் அவர் விரல் வைத்துக் காட்டியது குழல் மேலே பொறித்திருந்த ‘ஆகஸ்ட் 21, 1894’. அது பேட்டன்ட் கொடுத்த தேதி. பல வருடம் கழித்துச் செய்தவற்றிலும் அதே தேதி இருக்கும். செய்த வருடத்தைச் சீரியல் எண்தான் சொல்லும். ஆரம்பகால எண்களுக்கு வயோமிங் மாநிலம் கோடி நகர மியூசியத்தில் கம்பெனியின் பழைய பதிவேடுகளே இருக்கின்றன. கட்டணம் கட்டினால் பார்த்துக் கடிதம் தருகிறார்கள்.

கேட்டுக்கொண்டிருந்த பையனிடம், அடியில் திருப்பி எண்ணைப் படி, வெளியே போய்ப் போனில் தேடு, அப்புறம் வந்து பேசு என்றேன். மேஜைக்காரர் என்னை முறைத்தார். பையன் எண்ணைக் கையில் எழுதிக்கொண்டு வெளியே போனான். திரும்பி வந்தானா என்று தெரியாது.

என் துப்பாக்கியை விற்கவில்லை. விற்றால் அட்டையில் என்ன எழுதுவது? போன சீசனில் அதைத்தான் தூக்கிப் போனேன். மான் ஒன்றும் வரவில்லை. பாதி கருப்பும் பாதி வெள்ளியுமாகச் சொறி பிடித்த மாதிரி இருந்தது. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் சிரித்தார். வீட்டுக்கு வந்த அன்றிரவே பனியன் துணியை எடுத்து உட்கார்ந்து, மிச்சமிருந்த கருப்பையும் துடைத்து எடுத்துவிட்டேன்.