சிம்மக்கல் வாடகை நூலகம்: அந்த அமெரிக்க அலமாரிக்காகவே போகலாம்

மதுரை சிம்மக்கல்லில் ஒரு சந்துக்குள், அச்சகத்துக்கு மேலே மாடியில் இருக்கிற வாடகை நூலகத்தில் நான் உறுப்பினராகி எட்டு மாதம் ஆகிறது. பெயர்ப்பலகை ரொம்பச் சின்னது, கீழே அச்சகத்தில் கேட்டால் படிக்கட்டைக் காட்டுவார்கள். கீழமாசி வீதியில் மொத்த மளிகை வியாபாரம் செய்கிற எனக்குப் படிக்க நேரம் கிடைப்பதே இரவு ஒன்பதரைக்கு மேல்தான். அந்த நேரத்தை முழுக்க இந்த எட்டு மாதமும் இங்கிருந்து எடுத்து வந்த புத்தகங்களுக்குக் கொடுத்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முன்பணம் 1,000 ரூபாய், மாதச் சந்தா 200. ஒரு தடவைக்கு மூன்று புத்தகம், பதினைந்து நாள் வைத்துக்கொள்ளலாம். கதை, வரலாறு, ஆன்மிகம் எல்லாம் மற்ற இடங்களில் இருக்கிற மாதிரிதான். நான் சொல்ல வந்தது ஜன்னலோரம் இருக்கிற ஒரே ஒரு அலமாரியைப் பற்றி. அமெரிக்க அரசியல் முழுக்க அதில் இருக்கிறது, அதிலும் மேல் இரண்டு தட்டு கன்சர்வேடிவ்கள், அதாவது அந்த ஊர் வலதுசாரிகள் எழுதியவை. மதுரையில் வேறெங்கும் இப்படி ஒரே இடத்தில் சேர்த்து வைத்து நான் பார்த்ததில்லை.

நான் அங்கே போன காரணம் வீட்டு விஷயம். மகளும் மாப்பிள்ளையும் கலிஃபோர்னியாவில் சான் ஹோசேயில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் முக்கால்வாசி நேரம் வீட்டு விலை, வீட்டு வாடகை, அங்கே நடக்கிற அரசியல். மகள் ஜனநாயகக் கட்சி பக்கம் பேசுவாள், மாப்பிள்ளை அந்த மாநில அரசைக் குறை சொல்வார், நடுவில் எனக்கு ஒன்றும் புரியாது. டிவியில் பார்த்தால் இரண்டு தரப்பும் கத்துவது மட்டும்தான் இங்கே வந்து சேர்கிறது. நூலகத்தை நடத்துகிறவர் ஓய்வு பெற்ற அரசியல் பேராசிரியர், அவரிடம் போய், "அந்த ஊர் வலதுசாரிகள் அப்படி என்னதான் சொல்றாங்க சார், கத்தாம சொல்ற ஆள் யாராவது உண்டா?" என்று கேட்டேன். "வாங்க அண்ணாச்சி" என்று அந்த அலமாரிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்து, "பிடிக்கலைன்னாலும் கடைசி வரைக்கும் படிங்க" என்றார்.

இந்த நூலகத்தின் சிறப்பே அந்தப் புத்தகத்தின் முன்னட்டைக்குப் பின்னால் ஒட்டியிருந்த தாள்தான். ஒவ்வொரு ஆங்கிலப் புத்தகத்திலும் சார் தன் கையெழுத்தில் ஒரு பக்கம் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறார். மேல்பாதியில் இந்த ஆள் என்ன சொல்கிறார் என்று இருக்கும், கீழ்ப்பாதியில் எதிர்த்தரப்பு அதற்கு என்ன பதில் சொல்கிறது என்று இருக்கும். என்னை மாதிரி ஆங்கிலம் மெதுவாகப் படிக்கிற ஆளுக்கு இந்தத் தாள் இல்லாவிட்டால் பாதியிலேயே நின்றுபோயிருக்கும். சந்தாப் பணம் இதற்கே சரியாகிவிட்டது.

அரசாங்கமே வேண்டாம் என்கிறவர்கள் என்றுதான் இந்த வலதுசாரிகளைப் பற்றி நினைத்திருந்தேன். படித்தால், இவர்களில் யோசித்து எழுதுகிறவர்களின் கேள்வி வேறு. ஒரு திட்டத்தின் நோக்கம் நல்லதா என்று கேட்டுவிட்டு நின்றுவிடாதே, அது போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன ஆயிற்று என்று கணக்குப் பார் என்கிறார்கள். ஹயக் என்கிற பொருளாதார அறிஞர் 1945-இல் எழுதிய ஒரு கட்டுரையின் சாரம் எனக்கு ஒரே இரவில் பிடிபட்டது, ஏனென்றால் அது எங்கள் தொழில். விருதுநகர் மார்க்கெட்டில் காலையில் உளுந்து விலை அசைந்தால் ஏன் அசைந்தது என்று எங்களில் யாருக்கும் முழுசாகத் தெரியாது, எங்கோ மழை, எங்கோ கப்பல் தாமதம், ஆனால் மத்தியானத்துக்குள் இந்தத் தெருவில் எல்லாரும் கொள்முதலை மாற்றியிருப்போம். பல லட்சம் பேரிடம் சிதறிக்கிடக்கிற விவரத்தை விலைதான் சுமந்து வருகிறது, அத்தனை விவரத்தையும் தலைநகரத்தில் ஒரு மேஜைக்குக் கொண்டு வர முடியாது என்கிறார். அமெரிக்காவில் குடியேறுவதற்கு முன், இங்கிலாந்தில் இருந்தபோது எழுதியது, ஆனாலும் அமெரிக்க வலதுசாரிகள் இதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டதில் எனக்கு ஆச்சரியமில்லை.

வாடகைக் கட்டுப்பாடு பற்றிய பகுதியைத்தான் இரண்டு தடவை படித்தேன். சான் பிரான்சிஸ்கோவில் 1994-இல், 1980-க்கு முன் கட்டிய சின்ன அடுக்கு வீடுகளையும் வாடகைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். ஸ்டான்ஃபோர்டு பொருளாதார ஆய்வாளர்கள் பிற்பாடு அதன் விளைவை அளந்து பார்த்தார்கள். ஏற்கெனவே குடியிருந்தவர்களுக்கு நல்லதுதான் நடந்திருக்கிறது, ஊரை விட்டுப் போகாமல் தங்க முடிந்தது. ஆனால் கட்டுப்பாட்டுக்குள் வந்த உரிமையாளர்கள் வீடுகளை விற்பது, இடித்துக் கட்டுவது என்று இறங்கி, வாடகைக்கு விடும் வீடுகளை 15 சதவீதம் குறைத்துவிட்டார்கள், அதனால் ஊர் முழுக்க வாடகை 5 சதவீதம் போல ஏறிவிட்டது. உள்ளே இருக்கிறவனுக்கு லாபம், வெளியே நிற்கிறவனுக்கு நஷ்டம்.

இது எனக்குப் புத்தகச் செய்தி மட்டும் இல்லை. நம் மாநிலத்தில் 1960-ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது, 2019-இல்தான் அதன் இடத்தில் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. எங்கள் அப்பா எடுத்த கடைக்கு வருஷக்கணக்காக வாடகை ஏறவே இல்லை. நாங்கள் வாடகைக்காரர்கள், எங்களுக்கு அது பெரிய ஆதரவு, அந்த மிச்சத்தில்தான் நான் கல்லூரிக்குப் போனேன். ஆனால் மாடியில் மர உத்தரம் உளுத்து, மழைக்கு மூட்டை மேல் தார்ப்பாய் போட்டுக் கிடந்தோம், கட்டிடக்காரர் ஒரு கை சிமெண்டு வைக்கவில்லை, அந்த வாடகைக்கு அவர் ஏன் வைக்கப் போகிறார்? என் சித்தப்பா மகன் தொழில் தொடங்க வந்தபோது அதே தெருவில் பூட்டிக் கிடந்த கடைகள் நாலு இருந்தும் ஒருத்தரும் வாடகைக்கு விடவில்லை, விட்டால் திரும்பி வராது என்று பயம். அவன் திருப்பூருக்குப் போய்விட்டான். எங்களுக்குக் கிடைத்த ஆதரவின் விலையை அவன்தான் கொடுத்திருக்கிறான் என்பதை நாற்பது வருஷம் கழித்து இந்த அலமாரியில்தான் தெரிந்துகொண்டேன்.

கலிஃபோர்னியா பற்றி நிறைய இருக்கிறது. 2008-இல் மக்கள் ஓட்டுப் போட்டு அதிவேக ரயிலுக்குப் பணம் ஒதுக்கினார்கள், சான் பிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு 2020-இல் வண்டி ஓடும் என்றார்கள், மதிப்பீடு சுமார் 3,300 கோடி டாலர். இப்போது மதிப்பீடு 10,000 கோடி டாலரைத் தாண்டிவிட்டது, பயணிகள் வண்டி ஒன்றுகூட ஓடவில்லை. தோப்பூரில் 2019 ஜனவரியில் எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டியதையும் அதற்கப்புறம் எத்தனை வருஷம் சுற்றுச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதையும் தெரிந்த மதுரைக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீடு கட்டுவதிலும் அப்படித்தான். சுற்றுச்சூழல் மதிப்பீட்டுச் சட்டத்தைக் காட்டி யார் வேண்டுமானாலும் வழக்குப் போட்டு ஒரு குடியிருப்புத் திட்டத்தை வருஷக்கணக்கில் நிறுத்தலாம் என்று வலதுசாரிகள் ரொம்ப நாளாகச் சொல்லி வந்தார்கள். மாப்பிள்ளை புலம்புவதும் இதையேதான். கடைசியில் ஜனநாயகக் கட்சி கவர்னர் கவின் நியூசமே 2025 ஜூனில், நகருக்குள் கட்டுகிற பெரும்பாலான வீடுகளுக்கு அந்தச் சட்டத்திலிருந்து விலக்குக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டார். ஆனால் அந்தச் சட்டத்தை 1970-இல் கையெழுத்திட்டுக் கொண்டு வந்த கவர்னர், பிற்பாடு வலதுசாரிகள் கொண்டாடும் ஜனாதிபதியான ரொனால்ட் ரீகன். மேல்தட்டுப் புத்தகம் எதிலும் இதை நான் பார்க்கவில்லை, சார் ஒட்டிய தாளின் கீழ்ப்பாதியில்தான் இருந்தது.

ரீகன் 1988-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசியபோது, வறுமையின் மேல் போர் தொடுத்தோம், வறுமை ஜெயித்துவிட்டது என்றார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை. வறுமை ஒழிப்புத் திட்டங்களுக்குப் போர் என்று பெயர் வைத்து ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் அறிவித்த 1964-இல் அந்த நாட்டின் வறுமை விகிதம் 19 சதவீதம், 1973-இல் 11.1 சதவீதம். அதற்குப் பிறகு பெரிதாக இறங்காமல் அங்கேயே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது என்கிற அளவில் அவர்கள் குறை சரி, ஜெயித்துவிட்டது என்பது சரியில்லை. கடன் விஷயத்திலும் எனக்குக் கோபம் வந்தது. செலவாளிகள் என்று எதிர்த்தரப்பான லிபரல்களைப் பக்கம் பக்கமாகத் திட்டுகிறார்கள், அமெரிக்க மத்திய அரசின் வரவு செலவு கடைசியாக உபரியில் நின்றது 1998-லிருந்து 2001 வரைதான், அந்த பட்ஜெட்டுகள் பில் கிளிண்டன் காலத்தவை. ரீகன் காலத்திலும் புஷ் காலத்திலும் கடன் ஏறியதைப் பற்றி மேல்தட்டில் ஒரே ஒரு புத்தகம்தான் நேர்மையாக எழுதியிருந்தது. கணக்குப் புத்தகம் பார்க்கிற ஆளிடம் இந்த மாதிரி செய்யக்கூடாது.

பணவீக்கத்தில் அவர்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. 2021 மார்ச்சில் பைடன் அரசு 1.9 லட்சம் கோடி டாலர் நிவாரணச் சட்டம் கொண்டு வந்தது. விலை ஏறும் என்று அதற்கு முந்தின மாதமே எச்சரித்தவர் பொருளாதார நிபுணர் லாரி சம்மர்ஸ், அவர் பைடனின் ஜனநாயகக் கட்சிக்காரர். 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதம். உக்ரைன் போரும் சரக்குத் தட்டுப்பாடும் சேர்ந்ததுதான் காரணம் என்று கீழ்ப்பாதியில் இருந்தது, அதையும் நான் ஏற்கிறேன், அந்த வருஷம் எண்ணெய் டின் விலையை வாரத்துக்கு வாரம் அழித்து எழுதியவன் நான்.

சரி, எனக்கு நெஞ்சில் நின்றது வேறொன்று. 1964-இல் குடியரசுக் கட்சி வேட்பாளராக நின்ற பாரி கோல்ட்வாட்டரைப் பற்றிய புத்தகம். மத்திய அரசு தன் எல்லையைத் தாண்டுகிறது என்று சொல்லி கறுப்பர்களை ஒதுக்கி வைப்பதைத் தடை செய்த அந்த வருஷ சிவில் உரிமைச் சட்டத்துக்கு எதிராக ஓட்டுப் போட்டவர். கொள்கைப்படி நடந்தார் என்று புத்தகம் அவரைப் பாராட்டுகிறது. எனக்கு உடனே நம் ஊர் ராஜகோபுரம்தான் கண்முன் வந்தது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத அய்யர், கக்கனையும் மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு மீனாட்சி கோயிலுக்குள் போனார், எதிர்ப்பு கிளம்பியதும் அவர்களைப் பாதுகாக்க அவசரச் சட்டம் போட்டது ராஜாஜி அரசு. அதே ராஜாஜிதான் 1952-இல் உணவு தானியக் கட்டுப்பாட்டை எடுத்தவர், எங்கள் தாத்தா அதைக் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். 1959-இல் சுதந்திராக் கட்சி தொடங்கி பெர்மிட், லைசன்ஸ் ராஜ்யம் என்று டில்லியைச் சாடியவரும் அவர்தான். அரிசி மூட்டைக்கு அரசாங்கம் குறுக்கே நிற்க வேண்டாம், கோயில் வாசலில் தடுக்கப்பட்ட மனிதனுக்குச் சட்டம் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று ஒரே ஆள் இரண்டையும் செய்திருக்கிறார். கோல்ட்வாட்டருக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லை, அப்படி ஓட்டுப் போட்டதை நான் மன்னிக்கத் தயாரில்லை. சாரிடம் சொன்னேன். "இதை எழுதிக் கொடுங்க அண்ணாச்சி, கீழ்ப்பாதியில சேர்த்துருவோம்" என்றார். எழுதிக் கொடுத்தேன், ஒட்டியும்விட்டார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். 2015-க்கு அப்புறம் வந்த புத்தகங்கள் குறைவு, ட்ரம்ப் வந்த பிறகு அந்தக் கட்சிக்குள்ளேயே இறக்குமதி வரி, குடியேற்றம் என்று எல்லாம் தலைகீழாக மாறியிருக்கிறது, அதற்குச் சரியாக இரண்டு புத்தகம்தான். லிபரல் தரப்புக்குக் கீழே ஒரே தட்டு, அதை இரண்டாக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். படிக்கட்டு செங்குத்து, முழங்கால் வலிக்காரர்கள் கீழிருந்து போன் செய்தால் பையன் கொண்டு வந்து தருவான். வண்டி நிறுத்த இடமே இல்லை, நடந்து வருவது உத்தமம். தாமதக் கட்டணம் நாளுக்கு 5 ரூபாய், அதில் தயவு தாட்சண்யம் கிடையாது.

நேரம் காலை 10 முதல் 1 வரை, மாலை 5 முதல் 8.30 வரை, செவ்வாய் விடுமுறை, சித்திரைத் திருவிழா நாட்களில் சந்துக்குள் நுழையவே முடியாது. ஞாயிறு காலை ஒன்றரை மணி நேரம் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து பேசுவோம், உறுப்பினர் இல்லாதவர்களும் வரலாம். போன வாரம் மகளை போனில் ஸ்பீக்கரில் போட்டேன், வாடகைக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவாக அவள் பேசியதற்குப் பதில் சொல்ல அங்கே இருந்த எல்லாரும் சேர்ந்தும் திணறினோம். பழைய குடியிருப்பில் இருக்கிற வயதான பக்கத்து வீட்டுக்காரி எங்கே போவாள் என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்கிற புத்தகம் ஏதாவது மேல்தட்டில் இருக்கிறதா என்று சார் தேடிக்கொண்டிருக்கிறார், வந்ததும் முதலில் எனக்குத்தான் என்று பெயர் எழுதி வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.