டர்பனில் அக்ரிலிக் பெயின்ட் செட் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

டர்பனில் நம்மவர்கள் நிறையப் பேர் வீட்டில் உட்கார்ந்து அக்ரிலிக்கில் பூ வரைகிறார்கள். அவர்களைக் குறிவைத்து ஒருவர் இணையத்தில் மலிவு விலைக்கு பெயின்ட் செட் விற்கிறார். பெயர் போடப் போவதில்லை. சரக்கு எப்படி இருந்தது என்று சொல்கிறேன், கண்டுபிடித்துக்கொள்வீர்கள்.

பெட்டியில் 24 டியூப். மேலே 'ஆர்டிஸ்ட் தரம்' என்று தங்க எழுத்து. நாத்தனார் வீட்டு கிரகப்பிரவேசத்துக்குக் கொடுக்க ஸ்ட்ரெலிட்ஸியா வரையத் தொடங்கினேன். பழைய 50 சென்ட் நாணயத்தில் இருந்ததே, அந்தப் பூ. ஆரஞ்சு மடல்களைப் போட்டு இரவு முழுக்கக் காயவிட்டேன். காலையில் நடுவே நீலத்தை வைக்கப் போனால், பிரஷ் பட்ட இடத்தில் அடியிலிருந்த ஆரஞ்சு கரைந்து மேலே வந்துவிட்டது. இரண்டும் கலந்து சேற்று நிறம். துடைத்தால் வெள்ளைக் கேன்வாஸே தெரிந்தது. அவ்வளவு வேலையும் வீண்.

உண்மையான அக்ரிலிக் இப்படிச் செய்யாது. ஈரமாக இருக்கும்போது தண்ணீரில் கரையும். தண்ணீர் ஆவியானதும் அதிலுள்ள பிளாஸ்டிக் பசை இறுகிப் படலமாகிவிடும், அப்புறம் தண்ணீருக்கு அசையாது. ஒரு மடல்மேல் இன்னொரு நிறத்தைத் தைரியமாக ஏற்ற முடிவதே அதனால்தான். காய்ந்த பிறகும் கரைகிறதென்றால் டியூபுக்குள் இருப்பது போஸ்டர் கலர் மாதிரி வேறு எதுவோ. புது செட் வந்ததும் ஒரு தாளில் எல்லா நிறத்திலும் கோடு இழுத்து, நன்றாகக் காயவிட்டு, ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். விரலில் நிறம் ஒட்டினால் படம் தொடங்க வேண்டாம்.

அதே செட்டின் ரோஜா நிறத்தில் முன்பே ஒரு காகிதப்பூக் கொடி வரைந்து ஜன்னலோரம் மாட்டியிருந்தேன். அதுவும் வெயிலில் வெளுத்துப் போனது. நல்ல டியூபில் நிறமியின் எண் அச்சிட்டிருக்கும்: மெஜந்தாவுக்கு பிஆர் 122, அல்ட்ராமரைன் நீலத்துக்கு பிபி 29, டைட்டானியம் வெள்ளைக்கு பிடபிள்யூ 6 என்று. வெளிச்சத்தைத் தாங்கும் தரமும் பெரும்பாலும் போட்டிருக்கும். என் டியூபுகளில் நிறத்தின் பெயர் மட்டும்தான் இருந்தது.

விற்றவரைக் கூப்பிட்டேன். "ஆன்ட்டி, டியூபைத் திறந்துட்டீங்க, இனி திரும்ப எடுக்க மாட்டோம்" என்றார். எனக்குக் கோபம் வந்தது, ஏனென்றால் திறக்காமல் உள்ளே இருப்பதை எப்படிப் பார்ப்பது? நம் தென்னாப்பிரிக்காவில் 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பொருளில் குறை இருந்தால் கையில் கிடைத்த ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். சரிசெய்வதா, மாற்றுவதா, பணமா என்பதை வாங்கியவர்தான் முடிவு செய்வார். இதை எழுதி, கரைந்த படத்தையும் போட்டோ எடுத்து அனுப்பி, தேசிய நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுப்பேன் என்றதும் பணம் வந்தது. மன்னிப்பு வரவில்லை. கேன்வாஸ் காசும் வரவில்லை.

அவருடைய விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆர்டர் போடுவதற்கு முன் டியூபின் பின்பக்கப் படம் கேளுங்கள். எனக்குத் தெரிந்த இன்னொரு அக்கா கேட்டபோது, அவர் பதிலே போடவில்லை.