கேமரா ரெக்கார்டருக்கு எது: கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸா, 12 வோல்ட் மினி யூபிஎஸ்ஸா?

லோட் ஷெட்டிங்கை (முறைவைத்த மின்வெட்டை) பார்த்த டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் வீடுகளில் இந்தக் குழப்பம் சகஜம்.

நேரம்: கம்ப்யூட்டர் யூபிஎஸ் பாட்டரியின் 12 வோல்ட்டை 230 ஆக்கும், ரெக்கார்டர் அடாப்டர் அதைத் திரும்ப 12க்கு இறக்கும். வீண் செலவு! சின்ன கம்ப்யூட்டர் யூபிஎஸ் இரண்டு மணி நேர மின்வெட்டைத் தாண்டுவது கஷ்டம். மினி நேரடியாக 12 தரும்.

ஆயுள்: அடிக்கடி காலியானால் கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸின் ஈய பாட்டரி சீக்கிரம் படுத்துவிடும். மினியின் லித்தியம் தாங்கும்.

ஆம்பியர்: மினி சறுக்குவது இங்கேதான். ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும்போது மட்டும் 2 ஆம்பியர் வரை இழுக்கும். மினியின் ஆம்பியர் குறைவாக இருந்தால் 'டிக், டிக்' சத்தம், ரீஸ்டார்ட், மறுபடி 'டிக்'. அப்புறம் டிஸ்க்கே போய்விடலாம். ரெக்கார்டர் அடாப்டர் லேபிளில் ஆம்பியரைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

நாலு கேமரா என்றால், அவற்றுக்கும் சேர்த்து ஆம்பியர் உள்ள மினி சரி. நெட்வொர்க் கேபிளிலேயே கரண்ட் போகும் கேமராக்களுக்குப் பெரிய கம்ப்யூட்டர் யூபிஎஸ்தான்.