பீ-டென் ஆன்டிபாடி: உதகை ஆய்வகத்தில் ஓராண்டுப் பயன்பாடு

வளர்ச்சிச் சமிக்ஞைகள் செல்லுக்குள் அளவு மீறிப் போகாமல் அடக்கி வைக்கும் புரதம் பீ-டென். பிப்-3 என்னும் கொழுப்பு மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டைக் கழற்றி, செல் வளர்ச்சியை முடுக்கும் ஏகேடி என்னும் புரதம் தூண்டப்படுவதை அது தடுக்கிறது. 1997இல் கண்டறியப்பட்ட இந்தப் புரதம் பல புற்றுநோய்களில் இல்லாமலே போய்விடுவதால், அது இருக்கிறதா இல்லையா என்பதைப் பிழையின்றிக் காட்டும் ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தில் ஒட்டி அதைக் காட்டிக்கொடுக்கும் எதிர்ப்புப் புரதம்) எங்களுக்கு இன்றியமையாதது. உதகையில் நாங்கள் ஓராண்டாகப் பயன்படுத்திவருவது முயலிலிருந்து பெறப்பட்ட மோனோகுளோனல் வகை, அதாவது புரதத்தின் ஒரே இடத்தில் ஒட்டும் ஒரே வகை ஆன்டிபாடி.

இதற்கு முன் வேறொரு நிறுவனத்தின் பாலிகுளோனல் ஆன்டிபாடியை (பல இடங்களில் ஒட்டும் ஆன்டிபாடிகளின் கலவை) வாங்கி, மூன்று மாத உழைப்பை இழந்தோம். பிசி-3 புராஸ்டேட் புற்றுநோய்ச் செல்களில் பீ-டென் மரபணு அழிந்துபோயிருக்கும். ஆனால் புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து, படலத்துக்கு மாற்றிப் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில், அந்தச் செல்களுக்குரிய லேனிலும் (வரிசையிலும்) அந்த ஆன்டிபாடி தெளிவான பட்டையைக் காட்டியது. புதியதில் முதல் சோதனையே இதுதான். 1:1000 என்ற நீர்ப்பில், பீ-டென் உள்ள டியூ-145 செல்களின் லேனில் சுமார் 54 கிலோடால்டனில் (புரத எடையின் அலகு) ஒரே பட்டை தெரிந்தது, பக்கத்தில் பிசி-3 லேன் வெறுமையாக இருந்தது, கீழே, ஏற்றிய அளவு சமம்தானா என்று காட்டும் ஆக்டின் புரதம் இரண்டிலும் சமமாக நின்றது. அந்தப் படலத்தைப் பார்த்தபோது வந்த நிம்மதி சாதாரணமானதல்ல. 403 அமினோ அமிலங்களைக் கணக்கிட்டால் 47 கிலோடால்டன்தான் வரும் என்றாலும், ஜெல்லில் இப்புரதம் சற்று மேலேயே நிற்கும் என்பதால் மாணவர்கள் கலங்க வேண்டியதில்லை.

விளக்கத்தாளில் உள்ளதை மலைமேல் அப்படியே பின்பற்ற முடியாது. முதல் ஆன்டிபாடியில் ஒட்டிப் பட்டையைத் தெரியவைக்கும் இரண்டாம் ஆன்டிபாடியை அறை வெப்பநிலையில் ஒரு மணி நேரம் வைக்கச் சொல்கிறார்கள். ஜனவரிக் காலையில் எங்கள் அறையின் வெப்பமானி 13 டிகிரியைக் காட்டியது. பட்டை மங்கியதும் ஆன்டிபாடிதான் கெட்டுவிட்டது என்று எண்ணினோம். 25 டிகிரி இன்குபேட்டருக்குள் ஷேக்கரை வைத்ததும் பட்டை பழையபடி வந்துவிட்டது. ஆன்டிபாடியால் நிறமேற்றிப் பார்க்கும் திசுச் சீவல்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுவதால், ஆன்டிபாடி ஒட்டும் இடங்களை வெளிக்கொணரச் சீவல்களைச் சூடாக்கும் சிட்ரேட் கரைசலைத் திறந்த பாத்திரத்தில் 95 டிகிரிக்குக் கொண்டுபோக இயலாது. இங்கே பருப்பு வேகவே குக்கர் வேண்டும். சீவல்களுக்கும் ஒரு குக்கரைத் தனியே ஒதுக்கிய பிறகுதான் நிறம் சீராக ஏறியது. பீ-டென் இயல்பாகவே இருக்கும், கட்டியைச் சூழ்ந்த இணைப்புத் திசுவும் இரத்தக் குழாய்ச் சுவர்களும் நிறம் ஏற்றிருந்தால் மட்டுமே, கட்டியில் நிறமில்லை என்பதை நாங்கள் முடிவாக ஏற்கிறோம்.

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக வந்த பெட்டியில் ஐஸ் பொதிகள் உருகியிருந்தன. கிளிசரால் கலந்த கரைசல் என்பதால் ஆன்டிபாடிக்குக் கேடு எதுவும் தெரியவில்லை. விலைதான் மிக அதிகம். சிறிய அளவு கிடைத்தால் அதை மட்டும் முதலில் வாங்கி, பிசி-3 லேன் வெறுமையாக இருப்பதை உங்கள் கண்ணால் பார்த்த பிறகு பெரிய குப்பிக்குப் பணம் கட்டுங்கள்.