ரூட் கெனாலில் எதை ஊற்றிக் கழுவினார்கள்? கேட்காமல் பணம் கட்டாதீர்கள்

ரூட் கெனால் முடிந்ததும் ஒரு எக்ஸ்ரேயைக் காட்டுவார்கள். வேர் நுனி வரை வெள்ளைக் கோடு இறங்கியிருந்தால் வேலை சுத்தம் என்று நம்பிவிடுகிறோம். உள்ளே எதையோ அடைத்திருக்கிறார்கள் என்பதற்கு மட்டும்தான் அந்தக் கோடு சாட்சி. அடைப்பதற்கு முன்னால் கழுவினார்களா, எதை வைத்துக் கழுவினார்கள் என்பது எந்த எக்ஸ்ரேயிலும் தெரியாது. எங்களை ஏமாற்றியது அந்த இடத்தில்தான்.

அம்மாவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் வலி. மதுரையில் பளபளவென்று இருக்கும் ஒரு தனியார் க்ளினிக்குக்குப் போனோம். ஒரே சிட்டிங்கில் முடித்துவிடலாம் என்றார்கள். ரூட் கெனாலுக்கு 4,500 ரூபாய், கேப்புக்கு 6,000, அதுபோக ‘நவீன கிருமி நீக்கம்’ என்று தனியாக 1,800. அம்மா பயந்ததால் என்னைப் பக்கத்திலேயே நிற்கவிட்டார்கள். கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் இரண்டு பஞ்சு உருளை வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் பஞ்சு தொப்பலாகி, திறந்து வைத்த பல்லுக்குள்ளேயே எச்சில் வழிந்தது. உதவியாளர் அவ்வப்போது சிரிஞ்சை நிரப்பிக் கொடுத்தார். அவர் நிரப்பியது ட்ரிப்ஸ் ஏற்றுகிற சலைன் பாட்டிலில் இருந்து. கடைசி வரை அந்த ஒரு பாட்டிலைத் தவிர வேறு எதையும் திறக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து அதே பல்லின் ஈறில் ஒரு கொப்புளம். அழுத்தினால் சீழ். இந்த முறை வேர் சிகிச்சையில் எம்.டி.எஸ். முடித்த ஒரு டாக்டரிடம் போனோம். எக்ஸ்ரேயில் வேர் நுனியைச் சுற்றிக் கறுப்பு நிழல். அவர் முதலில் கேட்டதே, “அம்மா, பழைய இடத்துல பல்லு மேல ரப்பர் ஷீட் மாட்டினாங்களா? வாயில ப்ளீச்சிங் பவுடர் வாடை ஏதாவது வந்துச்சா?” என்றுதான்.

“அதெல்லாம் ஒண்ணும் இல்லைம்மா. உப்புத் தண்ணிதான் வாய்க்குள்ள வந்துச்சு” என்றார் அம்மா.

அந்த டாக்டர் பொறுமையாக விளக்கினார். வேர்க்குழாயை ஃபைல் என்ற மெல்லிய அரத்தால் சுரண்டும்போது, பல்லின் கெட்டியான உட்பகுதியான டென்டினின் தூளும், செத்த நரம்புத் திசுவும், கிருமிகளும் ஒன்றாகக் குழைந்து சுவரில் அப்பிக்கொள்ளும். இதற்கு ஸ்மியர் லேயர் என்று பெயர். வேர்க்குழாய்க்குள் இப்படி ஒரு படலம் உண்டாகிறது என்பதை மெக்கோம்ப், ஸ்மித் என்ற இருவர் 1975-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து எழுதினார்கள். அதன் தடிமன் 1 முதல் 2 மைக்ரான்தான். ஆனால் டென்டின் முழுக்க நுண்ணிய குழல்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் இந்தக் குழம்பு 40 மைக்ரான் ஆழம் வரை அடைப்பு மாதிரி இறங்கிவிடும். அந்த அடைப்புக்குப் பின்னால் தங்கிவிட்ட கிருமியை மருந்து எட்டுவது கஷ்டம். மேலே வைக்கும் சிமென்ட்டும் சுவரைச் சரியாகப் பிடிக்காது. சுவரில் டிரில் போட்டுவிட்டுத் தூசியை ஊதாமல் பிளக் அடித்தால் என்ன ஆகும் என்று தெரியுமே, அதேதான்.

இதை எடுக்க இரண்டு திரவம் வேண்டும். திசுவைக் கரைத்துக் கிருமியைக் கொல்வது சோடியம் ஹைப்போகுளோரைட். ப்ளீச் வாடை அதிலிருந்துதான் வருகிறது. டென்டின் தூளை அது கரைக்காது. அதற்கு 17 சதவீத ஈ.டி.டி.ஏ. கரைசல் வேண்டும். தூளில் இருக்கும் கால்சியத்தை அது பிடித்து இழுத்துவிடும். கடைசியில் ஒரு நிமிடம் போல வைத்தால் போதும். அதிக நேரம் வைத்தால் நல்ல டென்டினையே அரித்துவிடும். சலைன் இந்த இரண்டு வேலையையும் செய்யாது. தளர்ந்து கிடக்கும் தூளை அடித்துக்கொண்டு போகும், அவ்வளவுதான்.

அப்படியானால் ஏன் சலைன்? ஹைப்போகுளோரைட் வாய்க்குள் சிந்தினால் எரியும், வேர் நுனி தாண்டிப் போனால் முகமே வீங்கிவிடும். பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மறைக்கும் அந்த ரப்பர் ஷீட்டை, அதாவது ரப்பர் டேமை மாட்டி, நிதானமாகச் செய்தால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும். டேம் மாட்ட நேரமில்லாத இடத்தில் சலைனை ஊற்றிவிட்டு வேலையை முடித்துவிடுகிறார்கள்.

ஸ்மியர் லேயரை எடுக்க வேண்டுமா, விட்டுவிடலாமா என்று பல் மருத்துவர்களுக்குள்ளேயே வெகுகாலம் வாதம் நடந்திருக்கிறது. அது இருந்தால் கிருமி குழல்களுக்குள் போகாது என்று சொன்னவர்களும் உண்டு. இன்று பெரும்பாலோர் எடுப்பதே நல்லது என்கிறார்கள். இதை வைத்து அந்த க்ளினிக்குக்குச் சாதகமாக யாரும் பேச வேண்டாம். வெறும் சலைன் போதும் என்று இரண்டு தரப்பும் சொல்லவில்லை. அம்மாவின் பல் கெட்டதற்கு இந்தப் படலம் ஒன்றுதான் காரணம் என்று புதிய டாக்டரும் சொல்லவில்லை. எச்சில் உள்ளே போனதையும் சேர்த்தே சொன்னார். என் கோபம் 1,800 ரூபாய் பில் மேல். செய்யாத கிருமி நீக்கத்துக்கு எப்படிக் காசு வாங்கலாம்?

போன் செய்து கேட்டபோது, “சலைனும் கிருமிநாசினிதான் சார்” என்று பதில் வந்தது. சிகிச்சைக் குறிப்பு கேட்டேன். அரைத் தாளில் ‘ஆர்.சி.டி. முடிந்தது’, அதாவது ரூட் கெனால் முடிந்தது என்று ஒரு வரி. எந்த மருந்து, எவ்வளவு நேரம், வேரின் நீளம் எவ்வளவு, எதுவுமே இல்லை.

புதிய இடத்தில் 6,000 ரூபாய்க் கேப்பை அறுத்து எடுத்துத்தான் வேலையைத் தொடங்க முடிந்தது. ரப்பர் டேம் மாட்டினார்கள், ஒவ்வொரு ஃபைலுக்கும் பிறகு ஹைப்போகுளோரைட், முடிவில் ஈ.டி.டி.ஏ. வாடை பிடிக்காமல் அம்மா முகம் சுளித்தார். கொப்புளம் இப்போது வற்றிவிட்டது. நிழல் குறைகிறதா என்று எக்ஸ்ரேயில் தொடர்ந்து பார்க்க வேண்டுமாம்.

ரூட் கெனாலுக்குப் போகிறவர்கள் நாற்காலியில் உட்காரும் முன்பே கேளுங்கள்: ரப்பர் டேம் மாட்டுவீர்களா, எதை ஊற்றிக் கழுவுவீர்கள், கடைசியில் ஈ.டி.டி.ஏ. உண்டா? ஒழுங்காகச் செய்கிறவர் இதற்குக் கோபப்பட மாட்டார். எரிந்து விழுந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பில்லில் ‘கிருமி நீக்கம்’ என்று தனி வரி இருந்தால், எந்த மருந்து என்று அதிலேயே எழுதி வாங்குங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: காசு கொடுத்துப் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே சொல்லிவிட்டது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும்; கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. நாங்கள் பில், அரைத் தாள் குறிப்பு, இரண்டு எக்ஸ்ரே எல்லாவற்றையும் சேர்த்து மனு தயார் செய்துகொண்டிருக்கிறோம். என்ன ஆகிறது என்று அப்புறம் எழுதுகிறேன்.