பிசிஎம்5102ஏ ஊதா போர்டு: வாங்கலாம், முதலில் முதுகைத் திருப்பிப் பாருங்கள்

வீட்டிலேயே ஒரு பாட்டுப் பெட்டி செய்து பரணில் கிடக்கும் பழைய ஆம்ப்ளிஃபயரோடு சேர்க்க நினைப்பவர்களுக்கு, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டாக் (டிஜிட்டல் பாட்டை ஆம்ப்ளிஃபயருக்குப் புரியும் அனலாக் சிக்னலாக மாற்றும்) போர்டுகளில் இந்த ஊதா நிற போர்டுதான் முதல் தேர்வு. மேலே உட்கார்ந்திருக்கும் சிப் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பிசிஎம்5102ஏ. இரைச்சலுக்கும் பாட்டுக்கும் 112 டெசிபல் இடைவெளி, 2.1 வோல்ட் அவுட்புட், 32 பிட் 384 கிலோஹெர்ட்ஸ் வரை வாங்கிக்கொள்ளும். நம்மிடம் இருக்கும் எம்பி3-க்கும் சிடியிலிருந்து தரம் குறையாமல் எடுத்த ஃபிளாக் கோப்புக்கும் இது தாராளம். குறை சிப்பில் இல்லை, போர்டு கைக்கு வந்து சேரும் கோலத்தில் இருக்கிறது. அப்படியே ஒயரைச் சொருகிவிட்டு, சத்தம் வரவில்லை, போர்டு டெட் என்று தூக்கிப் போட்டவர்கள் நிறைய.

போர்டைத் திருப்புங்கள். பின்பக்கம் நான்கு இடங்களில் மூன்று மூன்றாகச் சின்னப் புள்ளிகள் இருக்கும். ஒருபுறம் ஹெச், மறுபுறம் எல். நடுப்புள்ளியை எந்தப் பக்கத்தோடு ஈயம் வைத்து இணைக்கிறோமோ அதுதான் அமைப்பு. முதலாவது எல், இரண்டாவது எல், மூன்றாவது ஹெச், நான்காவது எல். சில போர்டுகள் இதைச் செய்தே வருகின்றன, சிலவற்றில் நான்கும் காலி. மூன்றாவதுதான் மியூட். அது ஹெச் பக்கம் போகாவிட்டால் சிப் வாயைத் திறக்காது. நான்காவது தவறினால் பாட்டு கேட்கும், ஆனால் கிழிந்த ஸ்பீக்கரில் வருவதுபோல் கரகரவென்று கேட்கும்.

முன்பக்கமும் ஒரு வேலை பாக்கி. எஸ்சிகே என்று எழுதிய பின்னுக்குப் பக்கத்தில் இரண்டு புள்ளிகள் உண்டு. அவற்றை ஒட்டவைத்தால் எஸ்சிகே கிரவுண்டுக்குப் போய்விடும். பெட்டிக்கு மூளையாக வைக்கப்போகும் சின்னக் கம்ப்யூட்டரான ராஸ்பெர்ரி பை தனியாக மாஸ்டர் கிளாக் (சிப்புக்கான தாளத் துடிப்பு) தருவதில்லை. எஸ்சிகே கிரவுண்டில் இருந்தால்தான் சிப் தன் உள்ளே இருக்கும் பிஎல்எல் என்ற சர்க்யூட்டை வைத்துக் கிளாக்கைத் தானே செய்துகொள்ளும். அந்தரத்தில் விட்டால் ஒரு நாள் பாடும், மறுநாள் பாடாது. கையை அருகில் கொண்டுபோனால் சீறும். இந்த ஐந்து சொட்டு ஈயத்துக்கு 25 வாட் சால்டரிங் அயர்ன், மெல்லிய முனை, பத்து நிமிடம் போதும்.

மூளையாக ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ சரியான ஜோடி. 2021-இல் வந்தது, 512 எம்பி ரேம், நான்கு கோர். பாட்டுக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம். 40 துளைகளும் காலியாக வரும் வகையை வாங்கினால் பின் வரிசையை நீங்களே சால்டர் செய்ய வேண்டும். கைப்பழக்கம் இல்லாதவர்கள் பின் வைத்தே வரும் வகையைக் கேட்டு வாங்குங்கள். இணைப்பு இதுதான்: பையின் 2-ஆம் பின்னில் 5 வோல்ட், அது போர்டின் விஐஎன்னுக்கு. 6-ஆம் பின் கிரவுண்ட். 12-ஆம் பின், அதாவது ஜிபிஐஓ 18, பிசிகேவுக்கு. 35-ஆம் பின் (ஜிபிஐஓ 19) எல்சிகேவுக்கு. மூலையில் இருக்கும் 40-ஆம் பின் (ஜிபிஐஓ 21) டிஐஎன்னுக்கு. ஒயர் பத்து சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். 44.1 கிலோஹெர்ட்ஸ் பாட்டுக்கே பிசிகே ஒயரில் 2.8 மெகாஹெர்ட்ஸ் ஓடுகிறது.

அடிக்கடி நடக்கும் தவறு 40-க்குப் பதில் பக்கத்து 38-இல் சொருகுவது. 38 உள்ளே வாங்கும் பின், பாட்டு வெளியே வருவது 40-இல். இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. திரையில் எல்லாம் சரியாகவே தெரியும். டாக் பட்டியலில் இருக்கும், பாட்டின் நேரம் ஓடும், ஆனால் ஸ்பீக்கர் மௌனம். இந்தச் சிப் பையிடம் திரும்பப் பேசுவதே இல்லை. மறுமுனையில் போர்டு இருக்கிறதா, ஒயர் அறுந்து தொங்குகிறதா என்பதெல்லாம் பைக்குத் தெரியாது, அது தன் போக்கில் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆகவே திரையை நம்பாமல் மல்டிமீட்டரை எடுங்கள். விஐஎன்னில் 5 வோல்ட், பக்கவாட்டில் இருக்கும் எக்ஸ்எஸ்எம்டி (மியூட்) துளையில் 3.3 வோல்ட், எஸ்சிகேவுக்கும் கிரவுண்டுக்கும் இடையே பீப். மூன்றும் சரியென்றால் மிச்சம் இருப்பது அந்த மூன்று சிக்னல் ஒயர்கள் மட்டும்.

மென்பொருளில் சிரமம் குறைவு. மெமரி கார்டில் மென்பொருளை எழுதித் தரும் ராஸ்பெர்ரி பை இமேஜரில் மீடியா பிளேயர் பகுதிக்குள் மூட் ஆடியோ, வாலூமியோ என்ற இரண்டு பாட்டு மென்பொருள்கள் இருக்கின்றன. வாலூமியோவில் கூடுதல் பிளக்-இன் போடக் கணக்குத் தொடங்கச் சொல்லும். அந்தத் தொல்லை இல்லாததால் எங்கள் ஓட்டு மூட் ஆடியோவுக்கு. கார்டில் எழுதும்போதே வைஃபை பெயர், பாஸ்வேர்டு, நாடு இந்தியா என்று கொடுத்துவிடுங்கள். ஜீரோ 2 டபிள்யூவுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். ஃபைபர் இணைப்போடு வரும் ரூட்டரில் 5 கிகாவுக்குத் தனிப் பெயர் வைத்திருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. பிறகு மூட் ஆடியோவின் அமைப்பில் ஆடியோ பக்கத்தில் ஐ2எஸ் (அந்த மூன்று ஒயரில் ஓடும் டிஜிட்டல் ஒலி) சாதனமாக ஹைஃபைபெர்ரி டாக் என்பதைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட். பெயர் வேறாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம், அந்த டிரைவர்தான் இந்தச் சிப்புக்கும். வால்யூம் வகையில் சாஃப்ட்வேர் என்று வையுங்கள். இந்தச் சிப்புக்குள் வால்யூம் கட்டுப்பாடே கிடையாது. ஃபிக்ஸட் என்று வைத்தால் 2.1 வோல்ட் முழுதாகப் பாயும்.

அந்த 2.1 வோல்ட்டைப் பற்றித்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். வியாசர்பாடி, புளியந்தோப்பு, ஓட்டேரிப் பக்கம் சவுண்ட் சர்வீஸ்காரர்கள் ஆடி மாதம் கூழ் ஊற்றும் பந்தலுக்கு வைக்கும் பிஏ ஆம்ப்ளிஃபயரில் ஆக்ஸ் வாய் சில நூறு மில்லிவோல்ட்டுக்கும் கீழே பேசப் பழகியது. அதில் 2.1 வோல்ட்டைக் கொட்டினால் குமிழைக் கால்வாசி திருப்பும்போதே அம்மன் பாட்டு பிளிறும். டாக் மட்டம் என்ற தீர்ப்பு உடனே வந்துவிடும். சாஃப்ட்வேர் வால்யூமைக் குறைத்துச் சமாளிக்கலாம்தான், ஆனால் யாரோ ஒருவர் போனில் நூறுக்கு இழுப்பார். நிரந்தர வழி மூன்று ரெசிஸ்டர். இடது அவுட்புட்டிலிருந்து 10 கிலோஓம், வலது அவுட்புட்டிலிருந்து 10 கிலோஓம், இரண்டும் சேரும் இடத்திலிருந்து கிரவுண்டுக்கு 470 ஓம். அந்தச் சேர்முனையை ஆம்ப்பின் ஆக்ஸுக்குக் கொடுங்கள். 2.1 வோல்ட் ஏறக்குறைய 0.18-ஆக இறங்கும், ஸ்டீரியோவும் ஒழுங்காக மோனோவாகும். இன்னும் கொஞ்சம் சத்தம் வேண்டுமென்றால் 470-க்குப் பதில் 1 கிலோஓம், அப்போது 0.35 வோல்ட். இடது வலது ஒயர்களை வெறுமனே முறுக்கி ஒன்றாக்குவதை மட்டும் செய்யாதீர்கள். இரண்டு அவுட்புட்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்கும்.

வீட்டு ஸ்டீரியோ ஆம்ப், சிடி பிளேயர் சொருகும் வாய் உள்ளது என்றால் ரெசிஸ்டர் எதுவும் தேவையில்லை, நேராகக் கொடுக்கலாம். ஹெட்போனுக்கு இந்தப் போர்டு உதவாது. 3.5 எம்எம் ஜாக் இருக்கிறதே என்று சொருகினால் ஈனஸ்வரத்தில் முனகும். சிப் கேட்பது குறைந்தது 1 கிலோஓம் சுமை, ஹெட்போனோ 32 ஓம். நடுவில் ஒரு ஹெட்போன் ஆம்ப் வேண்டும்.

கரண்ட் விஷயத்தில் சிக்கனம் பிடித்தால் பாட்டில் தெரியும். 5 வோல்ட் 2.5 ஆம்பியர் அடாப்டர், ஒரு மீட்டருக்கு மிகாத தடித்த கேபிள். மேசையில் கிடக்கும் போன் சார்ஜரில் போட்டால் அமைதியான இடங்களில் 'கீ' என்று மெல்லிய விசில் கேட்கும். பென் டிரைவைப் படிக்கும்போது அதன் சுருதி மாறும். மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே விழுந்ததா என்பதைப் பெரிய பைகள் குறித்து வைத்துக்கொள்ளும், ஜீரோ வரிசையில் அந்த வசதி கிடையாது. ஆகவே பாட்டு ஓடும்போதே மல்டிமீட்டரால் 2-ஆம் பின்னை அளந்து பாருங்கள். 5 வோல்ட்டை ஒட்டி நின்றால் நிம்மதி. விழுந்து கிடந்தால் மாற்ற வேண்டியது முதலில் கேபிள், அப்புறம் அடாப்டர்.

விசில் வேறு, 'ம்ம்ம்' என்ற ஹம் வேறு. ஆம்ப்பை இணைத்தவுடன் ஹம் வந்து, ஆடியோ ஒயரைப் பிடுங்கினால் நின்றுபோனால் அது கிரவுண்ட் லூப். ஆம்ப்பையும் பை அடாப்டரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் போட்டுப் பாருங்கள். அதிலும் அடங்காவிட்டால் ஆடியோ வழியில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர். அதற்குள் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் அடிநாதம் கொஞ்சம் மெலியும். பந்தலில் யாருக்கும் தெரியாது, வீட்டில் உன்னிப்பாகக் கேட்பவருக்குத் தெரியலாம்.

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் செலவு. ஜம்பர் ஒயர் வேண்டாம், நேரடியாகச் சால்டர் செய்யுங்கள். கடல் காற்றில் அந்தச் சின்னத் தகரப் பிடிப்பு கருத்து, பச்சை பூத்து, மழைக்காலம் ஒன்று தாண்டியதும் ஒயரைத் தொட்டால் வரும் தொடாவிட்டால் போகும் என்ற நிலைக்கு வந்துவிடும். எல்சிகே ஒயர் இப்படி ஆடினால் பாட்டுக்கு நடுவே வெடிச்சத்தம் வரும், சிப் எரிந்துவிட்டதோ என்று பயமுறுத்தும். சால்டர் செய்தபின் பிசுபிசுப்பான ஃபிளக்ஸை (ஈயம் ஒட்ட உதவும் பசை) ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பிரஷ்ஷால் துடைத்துவிடுங்கள். மிச்சம் விட்டால் உப்பு ஈரத்தை அதுவே இழுத்து வைத்துக்கொள்ளும். பிறகு பிசிபி வார்னிஷ் ஒரு பூச்சு, ஜாக்கிலும் மெமரி கார்டு வாயிலும் படாமல். இன்னொன்று: பிஸ்கட் டின் அழகான பெட்டிதான், ஆனால் தகரத்துக்குள் வைஃபை நுழையாது. பிளாஸ்டிக் டப்பா எடுங்கள்.

தமிழ்ப் பாட்டு வைத்திருப்பவர்களுக்கு வரும் தலைவலி தனி ரகம். பழைய சிடிகளில் இருந்து வந்த கோப்புகளில் பாட்டுப் பெயர் யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கியிலோ டேப் எழுத்துருவிலோ இருக்கும். மூட் திரையில் அது கொம்பு முளைத்த லத்தீன் எழுத்துகளாகத் தெரியும். பிளேயரைக் குறை சொல்லிப் பயனில்லை. என்ஹெச்எம் கன்வெர்ட்டரில் யூனிகோடாக்கி, எம்பி3டேக்கில் ஒட்டிச் சேமியுங்கள், பிறகு லைப்ரரியை அப்டேட் செய்யுங்கள். பெட்டியின் முகப்பில் 128-க்கு 64 ஓலெட் திரை வைத்துத் தமிழில் பெயர் காட்ட ஆசைப்படுபவர்கள் பைதானின் பில்லோ நூலகத்தை, எழுத்துகளைச் சரியான வரிசையில் அடுக்கும் ராக்கம் வசதியோடு நிறுவ வேண்டும். அது இல்லாவிட்டால் தேவா என்ற பெயரில் இரட்டைக் கொம்பு 'த'வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் உட்காரும்.

டீக்கடை, சலூன், கேரம் கிளப் போல மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு ஷட்டரை இழுக்கும் இடங்களுக்கு மூட் சரிப்படாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டு கெடும். அங்கே பைகோர்பிளேயர் என்ற பாட்டு மென்பொருளைப் போடுங்கள். முழுக்க ரேமில் ஓடுவதால் பட்டென்று அணைத்தாலும் கவலையில்லை, அமைப்பை மாற்றிய பிறகு பேக்கப் பொத்தானை அழுத்த மட்டும் மறக்கக் கூடாது. வைஃபையே வேண்டாம், போட்டால் பாடினால் போதும் என்பவர்களுக்கு இந்தக் கூட்டணியே அதிகம். டிஎஃப்பிளேயர் மினி என்ற தபால்தலை அளவு மாட்யூல் வாங்குங்கள். 32 ஜிபி வரை ஃபேட்32 கார்டு, எம்பி3, 3 வாட் வரையிலான ஒரு ஸ்பீக்கர். ஐஓ1, ஐஓ2 பின்களில் ஆளுக்கொரு பொத்தானைக் கிரவுண்டுக்கு வைத்தால் சட்டென்று அழுத்த முந்தைய பாட்டு, அடுத்த பாட்டு. அழுத்திப் பிடிக்க வால்யூம் குறையும், கூடும். ஒலித்தரம் ஊதா போர்டுக்குப் பக்கத்தில் நிற்காது.

வாங்க ரிச்சி ஸ்ட்ரீட்தான். விம்கோ நகரிலிருந்தோ வண்ணாரப்பேட்டையிலிருந்தோ நீல வழி மெட்ரோவில் ஏறி அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால் நடை தூரம். கவுன்டரிலேயே போர்டை வெளிச்சத்தில் சாய்த்துச் சிப் மேல் பிசிஎம்5102ஏ என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்தைச் சுரண்டிய சிப், எழுத்தே இல்லாத சிப் இரண்டையும் தொடாதீர்கள். பின்பக்க நான்கு புள்ளிகளில் ஈயம் வைத்து வந்த போர்டு அடுக்கில் இருந்தால் அதையே கேளுங்கள், விலை ஒன்றுதான். மெமரி கார்டை எங்கே வாங்கினாலும் பாட்டு ஏற்றுவதற்கு முன் விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 ஓட்டி முழுக் கொள்ளளவும் உண்மையா என்று சோதியுங்கள். 64 என்று எழுதி 8 வைத்திருக்கும் கார்டு முதல் சில நூறு பாட்டை ஒழுங்காகப் பாடும், அதற்கப்புறம்தான் ஒவ்வொன்றாக விழுங்கத் தொடங்கும்.